காலிக் கட்டத்தில் 0 போடாதீர்கள்

கேள்வி: என் மகள் புள்ளியியல் முதுகலை படிக்கிறாள். 1946-ல் நடந்த, என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் முதல் கூடைப்பந்து ஆட்டத்தை இன்றைய ஆட்டம் ஒன்றோடு வீரர் வாரியாக ஒப்பிட்டு ப்ராஜெக்ட் செய்கிறாள். கிடைத்த அட்டவணையில் ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), ஆடிய நிமிடம், ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிரணி கூடைக்கு எறியும் பந்தைத் தடுப்பது) எல்லாம் காலியாக இருக்கின்றன. காலியாக விட்டால் மார்க் குறையும் என்கிறார் வழிகாட்டி. ஒருவர் 'முழு டேட்டா' இருப்பதாகச் சொல்லி 4,500 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? இல்லை, காலியிடங்களில் 0 போட்டுவிடலாமா?

பதில்: வாங்க வேண்டாம். 0-வும் போட வேண்டாம். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

அந்த ஆட்டம் 1946 நவம்பர் 1 அன்று டொராண்டோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் நடந்தது. நியூயார்க் நிக்கர்பாக்கர்ஸ் 68, டொராண்டோ ஹஸ்கீஸ் 66. முதல் கூடையைப் போட்டவர் ஆஸி ஷெக்ட்மன். மொத்தம் 11 பாயிண்ட் எடுத்தார். நியூயார்க் அணியில் அதிகம் எடுத்தவர் லியோ காட்லீப், 14. இரண்டு அணியிலும் சேர்த்துப் பார்த்தால் டொராண்டோவின் எட் சடோவ்ஸ்கி, 18. அன்றைக்கு லீக்கின் பெயர் பிஏஏ (பாஸ்கெட்பால் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா). 1949-ல் இன்னொரு லீக்கோடு இணைந்த பிறகுதான் என்பிஏ என்ற பெயர் வந்தது. தலைப்பில் 'முதல் தொழில்முறை ஆட்டம்' என்று எழுதிவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு ஆடும் லீக் அமெரிக்காவில் 1898-லேயே இருந்தது.

சரி, காலிக் கட்டங்களுக்கு வருவோம். அவை தொலைந்துபோன எண்கள் அல்ல, லீக் அன்று எண்ணவே இல்லாதவை. ரீபவுண்டை லீக் எண்ணத் தொடங்கியது 1950-51 சீசனில். ஆடிய நிமிடம் 1951-52-ல். ஸ்டீல், பிளாக் இரண்டும் 1973-74-ல். பந்தைப் பறிகொடுத்த கணக்கு 1977-78-ல். மூன்று பாயிண்ட் கூடை என்பது என்பிஏ-வில் 1979-80 வரை கிடையாது. எண்ணாத ஒன்றை யாரும் விற்க முடியாது. விற்கிறார் என்றால் அவரே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

0 போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். ஜார்ஜ் மைக்கன் என்ற பெரிய ஆட்டக்காரர் இந்த லீக்கில் 439 ஆட்டங்கள் ஆடினார். பதிவான ரீபவுண்ட் 4,167. வகுத்தால் ஆட்டத்துக்கு 9.5 வரும். அது தவறு. அவருடைய முதல் இரண்டு சீசன்களில், அதாவது 128 ஆட்டங்களில், ரீபவுண்ட் எண்ணப்படவே இல்லை. எண்ணிய 311 ஆட்டங்களால் வகுத்தால் 13.4. காலிக் கட்டத்தில் 0 போட்டதால் மட்டும் அந்த மனிதரிடமிருந்து ஆட்டத்துக்கு நான்கு ரீபவுண்டைப் பிடுங்கிவிடுகிறோம். சில இணையதளங்களும் ஆப்களும் இதைக் கூசாமல் செய்கின்றன. காலிக் கட்டத்தைக் கண்டால் மென்பொருள் தானாக 0 போட்டுக்கொள்கிறது, அதைத் திருத்த யாருக்கும் நேரமில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அசிஸ்ட். கூடை போடுபவருக்குப் பந்தை வாகாகக் கொடுத்த கணக்கு. இது முதல் சீசனிலிருந்தே எண்ணப்பட்டது. 1946-47-ல் முதலிடம் பிராவிடன்ஸ் அணியின் எர்னி கால்வர்லிக்கு: 59 ஆட்டத்தில் 202 அசிஸ்ட். ஆகவே சீசன் மொத்தத்தை மகள் தாராளமாக எடுத்தாளலாம். ஆனால் அது சீசன் மொத்தம்தான். அதை வைத்து நவம்பர் 1 அன்று யார் எத்தனை கொடுத்தார் என்று பிரிக்க முடியாது. மோசடி நடக்கும் இடமும் இதுதான். ஒரு மாணவர் விலைகொடுத்து வாங்கிய கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தேன். ஒற்றை ஆட்டத்தின் கணக்கு அது. அசிஸ்ட் பத்தியில் ஒரு வீரருக்கு நேராக 1.4 என்று இருந்தது. ஒரு ஆட்டத்தில் யாராலும் 1.4 அசிஸ்ட் கொடுக்க முடியாது. சீசன் மொத்தத்தை ஆட்ட எண்ணிக்கையால் வகுத்து அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். இப்போது விற்பவர்கள் தேறிவிட்டார்கள், முழு எண்ணாக்கித் தருகிறார்கள். அந்தப் பையன் கொடுத்த பணம் இன்றுவரை திரும்பவில்லை. அப்புறம் இன்னொன்று: ஒரே பாஸை ஓர் ஊரில் அசிஸ்ட் என்று எழுதுவார்கள், இன்னோர் ஊரில் எழுதமாட்டார்கள். அதனால் அக்கால அசிஸ்டை இன்றைய அசிஸ்டோடு நேருக்கு நேர் வைக்கவே கூடாது.

உங்களிடம் பணம் கேட்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ரீபவுண்ட் எண் எந்தத் தாளில் இருக்கிறது, படம் அனுப்புங்கள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

கையில் இருக்கும் எண்களையாவது நம்பலாமா என்றால், சோதித்துவிட்டு நம்பலாம். மூன்று பாயிண்ட் கூடை இல்லாத காலம் என்பதால் கணக்கு எளிது: கூடைகளை இரண்டால் பெருக்கி, ஃப்ரீ த்ரோவை (எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு, விழுந்தால் ஒரு பாயிண்ட்) கூட்டினால் பாயிண்ட் வர வேண்டும். 1962-ல் வில்ட் சேம்பர்லின் 100 பாயிண்ட் எடுத்த ஆட்டத்தில் 36 கூடை, 28 ஃப்ரீ த்ரோ. 72-ம் 28-ம் சேர்ந்து 100. ஷெக்ட்மனின் 11 ஒற்றைப்படை எண். அப்படியானால் அவர் போட்ட ஃப்ரீ த்ரோவும் ஒற்றைப்படையாகத்தான் இருந்தாக வேண்டும். வேறு மாதிரி காட்டும் அட்டவணையைத் தூக்கி எறியலாம். ஒவ்வொரு அணியிலும் வீரர்களின் பாயிண்டைக் கூட்டினால் 68-ம் 66-ம் வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

வழிகாட்டி சொன்னதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருகிறது. புள்ளியியல் சொல்லித்தருகிற இடத்திலேயே, பதிவாகாத தரவைப் பதிவாகவில்லை என்று எழுதினால் மார்க் குறையும் என்றால், இந்த வியாபாரிகளுக்கு ஆள் அனுப்புவதே நாம்தான். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்?

மகள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கூடை, ஃப்ரீ த்ரோ, பாயிண்ட் ஆகிய மூன்றை மட்டும் ஒப்பிடட்டும். 24 விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954-ல்தான் வந்தது, 68 என்ற குறைந்த ஸ்கோரைப் படிக்கும்போது அதையும் சேர்த்து எழுதட்டும். மற்ற பத்திகளில் கோடு ஒன்றைப் போட்டு, அடிக்குறிப்பில் 'லீக் அன்று பதிவு செய்யவில்லை' என்று எழுதி, எந்த சீசனில் தொடங்கியது என்று மேலே நான் கொடுத்த ஆண்டுகளைச் சேர்க்கட்டும். வழிகாட்டி மறுத்தால் மைக்கனின் 9.5, 13.4 கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டட்டும்.