குடும்பமா, கொடையா?

கேள்வி: கல்லூரிப் பட்டிமன்றத்தில் 'வாழ்வுக்கு நிறைவு தருவது குடும்பமா, கொடையா?' என்று தலைப்பு. புறநானூற்றில் இரு அணிக்கும் பாட்டு உண்டா? (ஒரு மாணவி, தஞ்சாவூர்)

பதில்: உண்டு, அதுவும் அடுத்தடுத்தே. 188-ஆம் பாட்டு குடும்ப அணிக்கு. பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி. பலரோடு கூடி உண்ணும் பெருஞ்செல்வராக இருந்தாலும், மக்கட்பேறு இல்லாதவர் வாழும் நாளுக்குப் பயனில்லை என்பது அவன் கட்சி. இந்த முடிவை மட்டும் சொன்னால் உபதேசமாகிவிடும்; நடு அடிகளைச் சொல்லுங்கள். குழந்தை குறுகுறுவென நடந்து வந்து கையை நீட்டுகிறது. சோற்றைக் கீழே இடுகிறது, தொடுகிறது, கவ்வுகிறது, துழாவுகிறது, நெய்ச்சோற்றை மேலெல்லாம் சிதறிக்கொள்கிறது. அரசன் சோற்றுக் கலம் படும் பாட்டைப் பாருங்கள்! அதைத்தான் அவன் பேறு என்கிறான்.

கொடை அணிக்கு 189, நக்கீரனார் பாட்டு. உலகைத் தனிக்குடையில் ஆள்பவனுக்கும், இரவு பகல் உறங்காமல் விலங்குக்குக் காத்திருக்கும் வேடனுக்கும் 'உண்பது நாழி, உடுப்பவை இரண்டே'. பேச்சாளர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்தி, 'எளிமையாய் வாழச் சொன்னார்' என்று முடித்துவிடுகிறார்கள். அவர் போய்ச்சேரும் இடம் அதுவல்ல: 'செல்வத்துப் பயனே ஈதல், துய்ப்பேம் எனினே தப்புந பலவே'. நாமே அனுபவிப்போம் என்று உட்கார்ந்தால் கைநழுவுபவை பல. அவர் கேட்பது சிக்கனத்தை அல்ல, கொடுப்பதை.

குடும்ப அணியை மடக்க நினைப்பவர்கள் 213-ஐக் கையில் வைத்திருங்கள். கோப்பெருஞ்சோழன்மேல் அவன் மக்கள் இருவரே படையெடுத்து வர, அவனும் போருக்கு எழுகிறான். புல்லாற்றூர் எயிற்றியனார் குறுக்கே வந்து கேட்கிறார்: அவர்கள் தோற்றால் உன் செல்வத்தை யாருக்கு விட்டுச்செல்வாய்? நீ தோற்றால் பழியைத்தானே விட்டுச்செல்வாய்? வென்றாலும் வெற்றி இல்லாத போர். மேடையில் இதற்கு எதிர்வாதம் சொல்வது கடினம்.

அந்தச் சோழனே பிறகு வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தபோது, பாடியது 214: யானை வேட்டைக்குப் போனவன் யானையோடும் திரும்புவான், காடை பிடிக்கப் போனவன் வெறுங்கையோடும் வருவான், ஆகவே குறியை உயரமாக வை. நாட்டைத் துறந்தவன் வாயில் இது வருவதால்தான் கனமாக இருக்கிறது.

கேள்வி: பிசிராந்தையாரை எந்த அணியில் சேர்ப்பது? (அதே மாணவி)

பதில்: கோப்பெருஞ்சோழனின் நண்பரான இந்தப் புலவர் இரண்டிலும் சேரமாட்டார். ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு 191-இல் அவர் தரும் பட்டியலில் மனைவி மக்கள் முதலில் வருகிறார்கள். ஆனால் ஏவலர், தீங்கு செய்யாத வேந்தன், ஊரில் வாழும் சான்றோர் பலர் என்று அது வீட்டுக்கு வெளியே நீண்டுவிடுகிறது. அத்தனை நிறைவும் பெற்றவர், நேரில் பார்த்தேயிராத அந்தச் சோழனோடு உயிர்விடப் போய்ச்சேர்ந்தார். நடுவர் முடிவுரைக்கு இவரை விட்டுவைப்பது நல்லது.

பழைய உரை முதல் 266 பாடல்களுக்குக் கிடைப்பதால் மேலே சொன்னவை எல்லாம் அதில் அடங்கும். பாட்டோடு உரையையும் படித்துவிட்டு மேடை ஏறுங்கள்.