ஊசல் ஒன்பது முறை ஆடியது, நீங்கள் பத்து என்று எண்ணினீர்கள்

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். தனி ஊசலை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையை வீட்டில் செய்து பார்த்தேன். ஆணியிலிருந்து நூலின் நீளம் 95 செ.மீ. அதன் நுனியில் அரை செ.மீ. உயரக் கொக்கியுடன் 3 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குண்டு. அதைப் பக்கவாட்டில் 10 செ.மீ. இழுத்து விட்டேன். கைபேசியின் ஸ்டாப்வாட்ச்சில் பத்து அலைவுகளுக்கு 17.80 விநாடி ஆயிற்று. கணக்குப் போட்டால் 11.837 மீ/வி² வருகிறது. மூன்று முறை செய்தும் ஏறக்குறைய இதே விடைதான். ஸ்டாப்வாட்ச் விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும்போது விடை எப்படி இவ்வளவு விலகும்? இன்னொரு சந்தேகமும் உண்டு. குண்டு இரண்டு கோடிகளிலும் ஒரு கணம் நின்றுதானே திரும்புகிறது? நிற்கும்போது முடுக்கமும் சுழியாகத்தானே இருக்க வேண்டும்?

பதில்: விடையை மட்டும் எழுதி "எங்கே தவறு?" என்று கேட்காமல், அளந்த எண்களையெல்லாம் எழுதி அனுப்பினீர்களே, அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. 17.80 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக ஒரு விநாடி எடுத்துக்கொள்ளும். போய்த் திரும்ப இரண்டு விநாடி. (சரியாக இரண்டு விநாடி வேண்டுமென்றால் நீளம் 99.4 செ.மீ. அளவில் இருக்க வேண்டும்.) இது மனப்பாடமாக இருந்தால் போதும், எந்த ஊசல் கணக்கையும் ஒரு பார்வையில் சோதித்துவிடலாம். உங்கள் ஊசல் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பத்து அலைவுகளுக்கு இருபது விநாடியை ஒட்டி வந்திருக்க வேண்டும். வந்ததோ 17.80. ஏறக்குறைய இரண்டு விநாடி காணாமல் போயிருக்கிறது. இரண்டு விநாடி என்பது ஒரு முழு அலைவு!

என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். குண்டை விட்ட அதே கணத்தில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டி, "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். அது போய்த் திரும்பியதும் "இரண்டு". இப்படியே "பத்து" என்று சொல்லி நிறுத்தும்போது ஊசல் ஒன்பது முறைதான் போய்த் திரும்பியிருக்கும். பத்துக் கம்பம் நட்டால் இடைவெளி ஒன்பதுதான் என்பதைப் போன்றது இது. ஆய்வகத்தில் கெட்டிக்கார மாணவர்களிடமும் நான் அதிகம் பார்த்த பிழை இதுவே. தொடங்கும்போது "சுழி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த முறைதான் "ஒன்று".

இப்போது 17.80 ஐ ஒன்பதால் வகுப்போம். அலைவுக் காலம் 1.978 விநாடி. பழைய நீளத்தையே வைத்துக் கணக்கிட்டால் 9.59 மீ/வி² கிடைக்கிறது. பக்கத்தில் வந்துவிட்டோம், ஆனாலும் குறைகிறது. மீதித் தவறு நீளத்தில் இருக்கிறது. ஊசலின் நீளம் என்பது நூலின் நீளம் அன்று. தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை உள்ள தொலைவு. உங்கள் 95 செ.மீ. நூலோடு கொக்கியின் அரை செ.மீ., குண்டின் ஆரம் ஒன்றரை செ.மீ. இரண்டையும் சேருங்கள்: 97.0 செ.மீ. நான்கு பெருக்கல் பை வர்க்கம் பெருக்கல் நீளம், அதை அலைவுக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 9.79. அவ்வளவுதான், ஊசல் மீது எந்தக் குற்றமும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எண்ணிக்கைத் தவறு விடையை 23 விழுக்காடு மேலே தள்ளியது. நீளத் தவறு 2 விழுக்காடு கீழே இழுத்தது. இரண்டும் எதிர்த் திசையில் இழுத்ததால் ஒன்று மற்றொன்றைக் கொஞ்சம் மறைத்தது. இரண்டும் ஒரே அளவாக இருந்திருந்தால் 9.8 என்று அழகான விடை வந்திருக்கும், நீங்களும் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். விடை புத்தகத்தோடு ஒத்துப்போவது அளந்த முறை சரி என்பதற்குச் சான்று ஆகாது.

"மூன்று முறை செய்தும் இதே விடை" என்கிறீர்கள். அதனால் உங்களுக்கு விடைமீது நம்பிக்கை வந்திருக்கிறது. நியாயம்தான், ஆனால் அது கைகொடுக்காத நம்பிக்கை. திரும்பத் திரும்ப ஒரே விடை வருவது நுட்பம். உண்மை மதிப்புக்கு அருகில் வருவது துல்லியத்தன்மை. பாடப் புத்தகத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டுக் கடந்துபோயிருப்பீர்கள். உங்கள் சோதனையில் முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. ஒழுங்கற்ற பிழைகள் ஒரு முறை கூட்டியும் ஒரு முறை குறைத்தும் காட்டும். பலமுறை அளந்து சராசரி எடுத்தால் அவை பெரிதும் அடங்கும். "ஒன்று" என்று தொடங்குவதோ, குண்டின் ஆரத்தை விட்டுவிடுவதோ முறையான பிழை. நூறு முறை செய்தாலும் அதே பக்கமாகத்தான் இழுக்கும், சராசரி அதைத் தொடவே தொடாது.

அடுத்து ஸ்டாப்வாட்ச். அதன் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 விநாடி என்பது உண்மை. ஆனால் அதைத் தட்டுவது உங்கள் விரல். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அசைவதற்குச் சுமார் 0.2 விநாடி ஆகும். தொடக்கத்திலும் முடிவிலும் ஏறக்குறைய அதே தாமதம் நேர்வதால் ஒரு பகுதி கழிந்துபோகும். இருந்தாலும் 0.2 விநாடி ஐயப்பாடு (அந்த அளவு கூடியோ குறைந்தோ இருக்கலாம்) என்று தாராளமாக வைத்துக்கொள்வதே நேர்மை. 17.8 விநாடியில் அது 1.1 விழுக்காடு. கணக்கில் காலம் வர்க்கமாக வருவதால் விடையில் அது இரட்டிப்பாகி 2.2 விழுக்காடு ஆகும். நீளத்தில் இரண்டு மி.மீ. தவறினாலும் விடை 0.2 விழுக்காடுதான் மாறும். எனவே நீளத்தை இன்னும் நுணுக்கமாக அளக்க வெர்னியர் அளவியைத் தேடி அலைய வேண்டாம். உழைப்பைக் காலத்தில் போடுங்கள்.

இந்தக் கணக்கின்படி நீங்கள் எழுதியிருக்க வேண்டிய விடை 9.8 ± 0.2 மீ/வி². "11.837" என்று மூன்று தசம இடம் எழுதியதில் கடைசி இரண்டு இலக்கங்களும் கால்குலேட்டர் பேசியவை, ஊசல் பேசியவை அல்ல. ஐயப்பாடு முதல் தசம இடத்திலேயே தொடங்கிவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள இலக்கங்களுக்குப் பொருளில்லை. முக்கிய எண்ணுருக்கள் என்று விதி விதியாக மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களே, அதன் சாரம் இதுதான். ஐயப்பாட்டைக் கணக்கிடத் தெரிந்தவருக்கு அந்த விதிகள் தாமாகவே வந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஐயப்பாட்டைக் குறைக்க விலை உயர்ந்த கருவி வேண்டுமா? வேண்டாம். பத்துக்குப் பதில் ஐம்பது அலைவுகளை எண்ணுங்கள். அதே 0.2 விநாடி இப்போது சுமார் 99 விநாடியில் பரவும். விடையில் பிழை 0.4 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். குண்டு கோடியில் நிற்கும்போது தட்டாதீர்கள். அங்கே அது மெல்ல ஊர்வதால் எந்தக் கணத்தில் திரும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடாது. பின்னால் சுவரில் நடுக்கோடு ஒன்று வரைந்து, குண்டு அதை ஒரே திசையில் விரைந்து கடக்கும் கணங்களை எண்ணுங்கள். 10 செ.மீ. இழுத்தது நல்ல அளவு, ஏறத்தாழ 6 டிகிரிதான் வரும். 30 டிகிரி வரை இழுத்திருந்தால் அலைவுக் காலம் 1.7 விழுக்காடு கூடி, இன்னொரு முறையான பிழை சேர்ந்திருக்கும்.

சிறிய கால அளவை அளப்பதுதான் இயக்கவியலில் தொடக்கம் முதலே பெரிய தலைவலி. கலிலியோ 1638 இல் வெளியிட்ட நூலில், நேராக விழும் பொருளை அளக்காமல், சாய்தளப் பள்ளத்தில் உருளும் வெண்கலக் குண்டை அளந்ததைச் சொல்கிறார். விழுதலை மெதுவாக்கிவிட்டால் கையில் இருக்கும் கடிகாரமே போதுமல்லவா? அந்தக் கடிகாரமும் பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே வழிந்த தண்ணீர்தான். வழிந்ததை எடைபோட்டுக் காலத்தைக் கண்டார். நீங்கள் ஐம்பது அலைவுகளை எண்ணி, அளக்கும் நேரத்தை நீளமாக்குவதும் அதே தந்திரத்தின் மறுபக்கம்.

9.8 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பூமி முழுவதற்கும் ஒரே எண் அன்று. நிலநடுக்கோட்டில் சுமார் 9.78, துருவங்களில் சுமார் 9.83. 1672 இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே தென் அமெரிக்காவின் கயேனுக்கு ஊசல் கடிகாரத்தைக் கொண்டுபோனபோது, பாரிஸில் சரியாக ஓடிய அந்தக் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது; அங்கே புவியீர்ப்பு முடுக்கம் சற்றுக் குறைவு. 1790களில் பிரான்சில் மீட்டரை வரையறுக்க முனைந்தபோது, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரு விநாடியில் போகும் ஊசலின் நீளத்தையே மீட்டர் எனக் கொள்ளலாம் என்ற யோசனை எழுந்து, கைவிடப்பட்டது. இடத்துக்கு இடம் அந்த நீளம் மாறும் என்பதும் அதற்கு ஒரு காரணம். அது ஏற்கப்பட்டிருந்தால், மீட்டருக்காக ஊசலை அளந்த இடத்தில் புவியீர்ப்பு முடுக்கம் சரியாகப் பையின் வர்க்கமாக, அதாவது 9.87 ஆக இருந்திருக்கும். இப்போது ஒளியை வைத்துத்தான் மீட்டர்: 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி விநாடியில் 29,97,92,458 இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவு.

இனி இரண்டாவது சந்தேகம். எனக்கு இதுதான் பிடித்த கேள்வி. கோடியில் குண்டின் திசைவேகம், அதாவது திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம், சுழி என்பது சரி. முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், சுழி என்பது தவறு. இரண்டும் சுழியாக இருந்தால் குண்டு அங்கேயே நின்றுவிடும், திரும்பி வர அதற்குக் காரணமே இருக்காது.

வாதத்தை விட்டுவிட்டு எண்களைப் பார்ப்போம். வலது கோடியை அடைவதற்கு 0.1 விநாடிக்கு முன் உங்கள் குண்டு வலப்பக்கமாகச் சுமார் 10 செ.மீ/வி வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். கோடியைத் தொட்டு 0.1 விநாடி கழிந்ததும் அதே 10 செ.மீ/வி, ஆனால் இடப்பக்கமாக. வேகத்தை மட்டும் பார்த்தால் 10, பிறகும் 10. ஒன்றும் மாறவில்லை என்று தோன்றும். திசைவேகம் என்று பார்த்தால் +10 இலிருந்து −10 க்கு மாறியிருக்கிறது, மாற்றம் 20. அதை 0.2 விநாடியால் வகுத்தால் 100 செ.மீ/வி², அதாவது 1 மீ/வி². திசைவேகம் சுழியாகும் அந்தக் கணத்தில்தான் பாதை நெடுகிலும் முடுக்கத்தின் அளவு உச்சத்தில் இருக்கிறது. நடுவில் கடக்கும்போது நிலைமை தலைகீழ்: வேகம் சுமார் 32 செ.மீ/வி, பாதையின் திசையில் முடுக்கம் சுழி. (பாதை வளைவாக இருப்பதால் மேல்நோக்கி 0.1 மீ/வி² அளவில் மையநோக்கு முடுக்கம் அங்கேயும் உண்டு. உங்கள் ஆசிரியர் கேட்டால் விட்டுவிடாதீர்கள்.)

வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் உள்ள வேறுபாடு பெயரளவில் மட்டுமே என்று நினைப்பவர்களுக்கும் உங்கள் ஊசலே பதில் சொல்லும். ஒரு முழு அலைவில் குண்டு கடந்த தொலைவு ஏறத்தாழ 40 செ.மீ.; சராசரி வேகம் சுமார் 20 செ.மீ/வி. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதால் இடப்பெயர்ச்சி சுழி. சராசரித் திசைவேகமும் சுழி.

நான் சொன்ன எண்களை அப்படியே நம்ப வேண்டாம். குண்டுக்குப் பின்னால், அதை ஒட்டியே ஓர் அளவுகோலைக் கிடையாகப் பொருத்தி, கைபேசியில் வீடியோ எடுங்கள். விநாடிக்கு 30 படங்கள் பதியும் அமைப்பில் மூன்று படங்களுக்கு 0.1 விநாடி. நடுக்கோட்டிலிருந்து மூன்று படங்கள் தள்ளினால் குண்டு ஏறத்தாழ 3 செ.மீ. நகர்ந்திருக்க வேண்டும், கோடியிலிருந்து மூன்று படங்கள் தள்ளினால் அரை செ.மீ. மட்டுமே. கைபேசியைக் குண்டின் உயரத்திலேயே, இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். கிட்டே வைத்தால் இடமாறு தோற்றப் பிழை (பார்க்கும் கோணத்தால் அளவு மாறித் தெரிவது) புகுந்து, அந்த அரை செ.மீ.யைப் படிக்க முடியாமல் செய்துவிடும்.