தெருச் சுவரில் ஓவியம் வரைவதால் இனவெறிக்கு எதிராக ஏதாவது நடக்குமா, இல்லை வெறும் அலங்காரம்தானா?

கேள்வி கேட்டவர், வாஷிங்டனில் நடுச்சாலையில் "கறுப்பினத்தார் உயிரும் உயிரே" என்று எழுதியிருந்த மஞ்சள் எழுத்துகளை 2025இல் பெயர்த்தெடுத்த செய்தியைக் குறிப்பிட்டு, "ஐந்து வருடத்தில் காணாமல் போகிற பெயின்ட்டால் யாருக்கு என்ன நியாயம் கிடைத்தது?" என்று கேட்டிருக்கிறார். வாஷிங்டனுக்குப் பிறகு வருகிறேன். முதலில் நான் கண்ணால் பார்த்த ஒரு சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பதில் அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் 2018இலிருந்து இங்கிலாந்தில், மான்செஸ்டரின் தென்பகுதியில் இருக்கிறோம். பக்கத்தில் வித்திங்டன் என்று ஒரு பகுதி. அங்கே காப்சன் தெரு என்று ஒரு சின்னக் கடைத்தெரு. பச்சை மிளகாயும் கொத்துமல்லியும் வாங்க வாரம் ஒருமுறையாவது அந்தப் பக்கம் போவேன். 2020 நவம்பரில் அந்தத் தெருவில் ஒரு காபிக் கடையின் பக்கச் சுவர் முழுக்க மார்கஸ் ராஷ்ஃபோர்டின் முகம் வந்தது. கறுப்பு வெள்ளையில் வரைந்த முகம். வரைந்தவர் ஆக்ஸே என்ற பெயரில் வரைகிற ஓவியர்; பிரான்சில் பிறந்து மான்செஸ்டரில் குடியேறியவர். ஸ்ப்ரே பெயின்ட்டில் அவர் வரைகிற முகங்கள் கிட்டே நின்றால் புகைபோலக் கலங்கித் தெரியும். எதிர்ச்சாரிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் போட்டோ பிடித்த மாதிரி இருக்கும்.

ராஷ்ஃபோர்ட் கால்பந்து வீரர். ஆனால் அந்த வருடம் அவர் முகம் சுவரேறியதற்குக் காரணம் கால்பந்து மட்டும் இல்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது, பள்ளியில் இலவசச் சாப்பாட்டை நம்பியிருந்த பிள்ளைகள் கோடை விடுமுறையில் என்ன செய்வார்கள் என்று கேட்டு எம்.பி.க்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 22. முடியாது என்று சொல்லியிருந்த அரசு 2020 ஜூன் 16 அன்று இறங்கி வந்தது. சுமார் 13 லட்சம் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு வவுச்சர் கிடைத்தது. தானே அந்த இலவசச் சாப்பாட்டில் வளர்ந்தவர் என்பதை அவர் மறைக்கவே இல்லை. நான் சத்துணவு சாப்பிட்டுப் படித்தவள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்ற நாட்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அதனால் அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

சரி, 2021 ஜூலை 11. வெம்பிளியில் யூரோ கோப்பை இறுதிப் போட்டி, இங்கிலாந்தும் இத்தாலியும். 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது. ராஷ்ஃபோர்ட் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஜேடன் சான்ச்சோ அடித்ததையும் புகாயோ சாகா அடித்ததையும் கோல்கீப்பர் தடுத்துவிட்டார். மூவரும் கறுப்பின இளைஞர்கள். சாகாவுக்கு 19 வயது. ஆட்டம் முடிந்த சில நிமிடங்களிலேயே அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கங்களில் குரங்குப் படங்களும் வசைகளும் கொட்ட ஆரம்பித்தன. அதே இரவில் யாரோ காப்சன் தெருவுக்கு வந்து அந்த முகத்தின் மேல் கெட்ட வார்த்தைகளை எழுதிவிட்டுப் போனார்கள். விடிந்ததும் அக்கம்பக்கத்தார் கறுப்புக் குப்பைப் பைகளை வெட்டி, எழுத்து தெரியாதபடி மேலே ஒட்டினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுவரில் எழுதியது இனரீதியான வசையாகத் தெரியவில்லை என்று போலீஸ் பின்னால் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு, "அப்படியானால் இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு?" என்று கேட்டவர்களும் உண்டு. போனில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். போனில் வருகிற வசைக்கு எங்கே போய்ப் பதில் சொல்வது? எழுதியவனுக்கு முகம் கிடையாது, ஊர் கிடையாது. சுவருக்கு முகவரி இருக்கிறது. அதனால் ஜனங்கள் சுவருக்கு வந்தார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து, ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். குப்பைப் பைகளின் கறுப்பே தெரியாத அளவுக்குக் காகிதங்கள். இதய வடிவில் வெட்டியவை, நோட்டுப் புத்தகத்தில் கிழித்தவை, மஞ்சள் ஒட்டுச்சீட்டுகள், சின்னச் சின்ன இங்கிலாந்துக் கொடிகள். கீழ்வரிசை முழுக்கக் குழந்தைகளின் கோணல் எழுத்து, அவர்கள் கைக்கு எட்டிய உயரத்தில். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி செல்லோடேப் சுருளை வளையல்போல மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். யார் காகிதம் நீட்டினாலும் பல்லால் டேப்பைக் கடித்துத் துண்டாக்கித் தருவார். பேச்சே இல்லை. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு அதையே செய்துகொண்டிருந்தார்.

மகள் வீட்டிலிருந்தே எழுதி எடுத்து வந்திருந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற எழுத்தில், "அழாதீங்க அண்ணா."

"அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே, கண்ணு."

"தெரிஞ்சவங்க யாராவது படிச்சுச் சொல்லுவாங்கம்மா."

பாட்டி டேப் கொடுத்தார். ஒட்டினோம்.

எனக்கு அதில் சொந்தக் கணக்கு ஒன்றும் இருந்தது. 2019இல் பேருந்தில் ஒருவன் எங்களைப் பார்த்து, உங்கள் நாட்டுக்கே திரும்பிப் போங்கள் என்று கத்தினான். மகள் மடியில் இருந்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மீதித் தூரம் நடந்தோம். ஏன் இங்கேயே இறங்கினோம் என்று அவள் கேட்டதற்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பேருந்தில் இருந்த இருபது பேரும் சன்னலைப் பார்த்தார்கள். ரொம்ப நாளைக்கு என்னை உறுத்தியது அந்த மௌனம்தான். காப்சன் தெருவில் அன்று நின்றவர்களில் அந்தப் பேருந்தில் வந்தவர்கள்கூட இருந்திருக்கலாம். அன்றைக்கு அவர்களுக்கும் எனக்கும் வாயில் வராத பதிலை, இரண்டு வருடம் கழித்து ஒரு சுவரில் ஒட்ட முடிந்தது. பேருந்தில் எங்களுக்கு அப்படி ஓர் இடம் இருக்கவில்லை.

மறுநாள் ஆக்ஸே வந்து முகத்தைச் சரிசெய்தார். நூற்றுக்கணக்கான பேர் அந்தச் சுவருக்கு முன் முழங்காலிட்டு இனவெறிக்கு எதிராக நின்றார்கள். ராஷ்ஃபோர்ட் அதற்கு முன்பே ஓர் அறிக்கை எழுதியிருந்தார்: பெனால்டி சரியாக அடிக்கவில்லை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் நான் யார், எங்கிருந்து வந்தேன் என்பதற்கு ஒருபோதும் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று. கடைசியில் தன்னை வித்திங்டன், விதன்ஷா பகுதிகளிலிருந்து வந்த கறுப்பின இளைஞன் என்று ஊர்ப்பெயரோடு சொல்லிக்கொண்டார். அந்தக் காகிதங்களை மழைக்கு விடாமல் நகரத்தின் கலைக்கூடத்தாரும் ஆவணக்காப்பகத்தாரும் எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள்.

இது புதிதாக வந்த பழக்கமும் இல்லை. 1967இல் சிகாகோவின் தென்பகுதியில், 43ஆம் தெருவும் லாங்லி அவென்யூவும் சேருகிற முனையில், பாழடைந்துகொண்டிருந்த ஒரு கட்டடத்தின் பக்கச் சுவரில் கறுப்பினக் கலைஞர்கள் பதினைந்து பேர்போலச் சேர்ந்து ஓர் ஓவியம் வரைந்தார்கள். மரியாதைச் சுவர் என்று பெயர். முகமது அலி, மால்கம் எக்ஸ், அறிஞர் டு பாய்ஸ், பாடகி நீனா சிமோன், ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன், கவிஞர் குவென்டலின் புரூக்ஸ் என்று தங்களுக்கு நாயகர் யார் என்பதைத் தாங்களே முடிவு செய்து வரைந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் அதில் இல்லை. முந்தின வருடம்தான் அவர் அதே சிகாகோவில் வீடு வாடகைக்குக் கொடுப்பதில் காட்டிய பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் போய்த் தலையில் கல்லடி பட்டிருந்தார். ஆனாலும் அவரை விட்டுவிட்டார்கள். அவருடைய வழி தங்களுக்குப் போதவில்லை என்று நினைத்த தலைமுறை அது. எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. ஆனால் அதை எடுக்கும் உரிமை அந்தத் தெருவுக்குத்தான் இருந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்க அருங்காட்சியகங்களில் கறுப்பின முகத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இவர்கள் சாராயக் கடைக்குப் போகிறவனும் பள்ளிக்குப் போகிறவனும் கடக்கிற சுவரில் அவற்றை ஆளுயரத்துக்கு வைத்தார்கள். புரூக்ஸ் அந்தச் சுவருக்கென்றே ஒரு கவிதை எழுதி, அதன் முன்னால் நின்று வாசித்தார்.

அவர்களுக்குள்ளும் சண்டை வந்தது. ஒருவர் வரைந்த பகுதியை வெள்ளையடித்து இன்னொருவரை வைத்து வரையச் செய்ததில் சிலர் பேச்சுவார்த்தையே விட்டுப்போனது. 1971இல் கட்டடம் தீப்பிடித்தது, பிறகு இடித்துவிட்டார்கள். மொத்தம் நாலு வருடம்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு டெட்ராய்ட், பாஸ்டன், பிலடெல்பியா என்று ஊர் ஊராகச் சுவர்கள் கிளம்பின. இன்று அமெரிக்காவில் தெருவோவிய இயக்கம் என்று சொல்வது அந்த முனையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. கேள்வி கேட்டவர் ஐந்து வருடத்தைக் குறைவு என்கிறார். இது அதைவிடக் குறைவு.

இங்கிலாந்தில் நான் தேடிப் போய்ப் பார்த்த இன்னொரு சுவர் லண்டன் கேபிள் தெருவில். 1936 அக்டோபர் 4 அன்று பிரிட்டிஷ் பாசிஸ்ட் தலைவர் மோஸ்லியின் கறுஞ்சட்டைப் பாசிஸ்டுகள் யூதர்கள் வாழும் பகுதி வழியாக ஊர்வலம் போக வந்தபோது, யூதர்களும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளிகளும் கம்யூனிஸ்ட்களும் தெருவை மறித்தார்கள். போலீஸ் குதிரைகளின் காலடியில் கோலிக்குண்டுகளை உருட்டிவிட்டார்கள். அதைத்தான் வரைந்திருக்கிறார்கள். வரைந்துகொண்டிருக்கும்போதே தீவிர வலதுசாரிகள் அதில் கிறுக்கிக் கெடுத்தார்கள். ஆரம்பித்த ஓவியர் வெறுத்துப்போய் விலகினார். வேறு மூவர் சேர்ந்து 1983இல் முடித்தார்கள்.

அப்புறம் பிரிஸ்டல். இது நமக்குக் கொஞ்சம் நெருக்கமான கதை. அங்கே பேருந்து கம்பெனி கறுப்பினத்தாரையும் ஆசியர்களையும் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ எடுக்க மாட்டேன் என்றது. 1963 ஏப்ரல் கடைசியில் ஜனங்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று கம்பெனி பணிந்தது. செப்டம்பரில் வேலையில் சேர்ந்த முதல் வெள்ளையரல்லாத நடத்துநர் ரக்பீர் சிங், ஒரு சீக்கியர். அந்தப் போராட்டத்தை நடத்தியவர்களில் ஒருவர் ராய் ஹாக்கெட். மிஷேல் கர்ட்டிஸ் என்ற ஓவியர் செயின்ட் பால்ஸ் பகுதியின் ஏழு பெரியவர்களை வீட்டுச் சுவர்களில் வரைந்தபோது அவரையும் வரைந்தார். ஹாக்கெட் அப்போது உயிரோடு இருந்தார்; 2022இல், 93 வயதில்தான் காலமானார். தன் ஊர்ச் சுவரில் தன் முகத்தை அவரே பார்த்துவிட்டுப் போனதில் எனக்குத் தனி சந்தோஷம். பெரும்பாலும் ஆள் போன பிறகுதானே சுவர் கிடைக்கிறது.

இப்போது வாஷிங்டன். 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் கொன்ற பிறகு நாடே கொந்தளித்தது. ஜூன் 1 அன்று வெள்ளை மாளிகைக்கு எதிரே இருந்த போராட்டக்காரர்களை விரட்டியடித்தார்கள். நாலே நாளில், ஜூன் 5 அன்று, நகர மேயர் மியூரியல் பவுசர் அங்கே போகும் 16ஆம் தெருவில் "கறுப்பினத்தார் உயிரும் உயிரே" என்ற முழக்கத்தைச் சாலை அகலத்துக்கு, 35 அடி உயர மஞ்சள் எழுத்தில் எழுத வைத்தார். அன்று அதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் அந்த முழக்கத்தையே பெயராகக் கொண்ட இயக்கத்தின் வாஷிங்டன் கிளை அப்போதே, இது கண்துடைப்பு, போலீஸ் நிதியைக் குறைப்பதைப் பற்றிப் பேசுங்கள் என்றது. போராட்டக்காரர்கள் பக்கத்திலேயே அதே மஞ்சளில் தங்கள் கோரிக்கையையும் எழுதிவைத்தார்கள். 2025இல், எழுத்தை எடுக்காவிட்டால் போக்குவரத்து நிதியை நிறுத்தும் மசோதா நாடாளுமன்றத்தில் வந்தது. நகர நிர்வாகமே மார்ச்சில் டிரில் வைத்துப் பெயர்த்தது.

எனக்கு வருத்தம்தான், ஆனால் ஆச்சரியம் இல்லை. நம் ஊரில் தேர்தலுக்கு முன் சுவர் பிடிக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதிகாரம் எழுதுகிற எழுத்து, அதிகாரத்தின் கணக்கு மாறினால் போகும். அதனால் ஒரு தெருவோவியத்தைப் பார்த்தால் நான் இரண்டு கேள்விதான் கேட்பேன். யார் முகத்தை வைப்பது என்று முடிவு செய்தது யார்? நாளைக்கே யாராவது கெடுத்தால், கையில் டேப்போடு வந்து நிற்க அந்தத் தெருவில் ஆள் இருக்கிறதா? சில பெரிய நிறுவனங்கள் 2020இல் அவசர அவசரமாகக் காசு கொடுத்து வரைய வைத்த சுவர்கள் இந்த இரண்டாவது கேள்வியில் விழுந்துவிடும். வாஷிங்டன் எழுத்துகூட முழுசாக விழவில்லை. பெயர்க்கிற நாளில் அந்தச் சாலைத் துண்டுகளை எடுத்துப்போக ஜனங்கள் வந்தார்கள்.

ஓவியத்தால் சட்டம் மாறாது, போலீஸ் மாறாது, அதற்கு வேறு வேலைகள் இருக்கின்றன. பிரிஸ்டலில் பேருந்தைப் புறக்கணித்தது 1963இல், சுவரில் முகம் வந்தது அரை நூற்றாண்டு கழித்து. இன்று அந்த முகத்தைப் பார்த்து, "இந்தத் தாத்தா யாரு?" என்று ஒரு பிள்ளை கேட்டால் பேருந்துக் கதையை அதற்குச் சொல்லியாக வேண்டும். ஓவியம் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே வராது.

மகளுக்கு இப்போது ஏழு வயது இல்லை. காப்சன் தெருப் பக்கம் போகும்போது இன்னமும் கீழ்வரிசையில், தான் ஒட்டிய இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுவாள். அங்கே இப்போது வெறும் சுவர்தான். காகிதம் மற்றதோடு காப்பகத்துக்குப் போனதா, காற்றில் போனதா என்று அவள் அடிக்கடி கேட்பாள். ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் விசாரிக்க வேண்டும்.