வாசகர் கேள்வி: பாலம் ஒரு பக்கம், குழி ஒரு பக்கம்

கேள்வி: எங்கள் கம்பத்து (கிராமத்து) பழைய ஆற்றுப்பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். தொல்லியல் ஆய்வு என்று வந்தவர்கள் பாலத்தை விட்டுத் தள்ளி, செம்பனைத் தோட்டத்து ஓரமாக முழங்கால் ஆழத்துக்குக் குழிகள் தோண்டி, மண்ணைச் சலித்து, மூடிவிட்டுப் போனார்கள். அங்கே எதற்கு? அந்த ஆழம் போதுமா?
– வாசகி, கெப்பாலா பத்தாஸ், பினாங்கு

பதில்: தோண்டிய இடம் சரிதான். பழைய பாலத்தின் இரு முனையிலும் சாலையை உயர்த்தக் கொட்டிய மண்தான் கிடக்கும். புதிதாகக் கிளறப்படுவது தற்காலிக மாற்றுப்பாதையும், கிரேன் நிற்கும் இடமும், இரும்பு அடுக்கும் களமும்தான்.

வழக்கமாக 15 முதல் 30 மீட்டருக்கு ஒரு குழி, அகலம் அரை மீட்டருக்குள். பத்துப் பத்து சென்டிமீட்டராக இறங்கி, ஒவ்வோர் அடுக்கையும் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் தனித்தனியாகச் சலிப்பார்கள். மண்ணின் நிறத்தையும் தன்மையையும் அடுக்குவாரியாகக் குறிப்பார்கள். களிமண் சல்லடையில் உருண்டு நின்றுவிடும். தண்ணீர் விட்டுக் கரைக்காவிட்டால் சிறிய பானை ஓட்டுத் துண்டு அதற்குள்ளேயே போய்விடும். ஒரு குழியில் ஏதாவது அகப்பட்டால், அதன் நாற்புறமும் 5 மீட்டர் தள்ளிக் கூடுதல் குழிகள் போட வேண்டும்.

ஆழத்தைப் பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. வெள்ளம் ஆண்டுதோறும் வண்டலைப் போர்த்தும் கரையில் முழங்கால் ஆழம் என்பது அண்மைக்கால மண்ணாகவே இருக்கலாம். கையால் திருகி மண்ணெடுக்கும் துளைப்பானால் 2, 3 மீட்டர் இறக்கிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். வெளிர் வண்டலுக்குக் கீழே கறுத்த பட்டை தெரிந்தால், அது ஒரு காலத்தில் மனிதர் நடந்த தரையாக இருக்கக்கூடும்.

உங்கள் வட்டாரத்தில் இது அலட்சியப்படுத்தும் விஷயமே அல்ல. சுங்கை மூடா ஆற்றுப் பக்கத்துக் குவார் கெப்பாவில் சிப்பி மேடுகள், அதாவது பழங்கால மக்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகளின் குவியல்கள், இருந்தன. அங்கேதான் 2017-இல் காட்சியகக் கட்டுமானத்தின்போது, ஐந்தாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய 'பினாங்குப் பெண்' எலும்புக்கூடு வெளிப்பட்டது. ஆனால் சிப்பி தெரிந்தாலே பழமை என்று துள்ள வேண்டாம். அதனுடன் பிளாஸ்டிக்கும் செங்கல் தூளும் கலந்திருந்தால் யாரோ கொட்டிய நிரப்பு மண்.

குழிகள் வெறுமையாக இருந்தாலும் நிலம் வெறுமை என்று ஆகாது. இரண்டு குழிகளுக்கு நடுவே ஒரு புதைகுழி தாராளமாக ஒளிந்திருக்கும். அதனால் மேல்மண்ணை அகற்றும்போதும் தூணுக்குத் தோண்டும்போதும் தொல்லியலாளர் ஒருவர் உடன் நிற்கிறாரா என்பதையும் கேளுங்கள். உங்கள் கண்ணில் ஏதாவது பட்டால் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் பிடித்து, மாவட்ட அலுவலகத்திலோ தேசிய மரபுடைமைத் துறையிலோ உடனே சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அது கடமையும்கூட.