வளரும் நகரங்களில் மழைநீர் வடிகால் திட்டமிட ஜி.ஐ.எஸ். எப்படி உதவுகிறது?

சாலை, கட்டடம், குளம், வடிகால், தரைமட்டம் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் கணினி வரைபடம்தான் ஜி.ஐ.எஸ்.

மொட்டை மாடியில் கொத்தனார் தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்ப்பார் அல்லவா? ஊர் முழுவதற்கும் அதையே கணினியில் செய்கிறார்கள். எந்தத் தெருவின் நீர் எங்கே போய்த் தேங்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சிக்கல் தரைமட்ட அளவில்தான். சென்னை போன்ற தட்டையான ஊரில் 1 கி.மீ. வடிகாலுக்கு 1 மீட்டர் இறக்கம் கிடைப்பதே பெரிது. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று உயரம் காட்டும் இலவசச் செயற்கைக்கோள் தரவிலோ உயரப் பிழையே பல மீட்டர் இருக்கும். கூரையையும் மரத்தையும் தரையாகக் கணக்கிட்டுவிடும். அதை நம்பினால் மேட்டை நோக்கி வடிகால் வெட்ட நேரிடும். அதனால்தான் விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி அளக்கும் லைடார் தேவைப்படுகிறது. அதன் பிழை சுமார் 10–15 செ.மீ.தான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுச் சாலை போட்டால் (நம் ஊர் வழக்கம்!) அந்த அளவும் பழசாகிவிடும்.

“கூகுள் மேப் இருக்கிறதே, போதாதா?” என்பார்கள். அதில் வழி தெரியும். மண்ணுக்குள் இருக்கும் வடிகாலின் அடிமட்டம் தெரியாது.