டைமண்ட் ஃப்ராஸ்ட் வளர்ப்பு: தோட்டக் கேள்வி பதில்

கேள்வி: நர்சரியில் ‘டைமண்ட் ஃப்ராஸ்ட்’ என்று ஒரு செடி பார்த்தேன். மெல்லிய தண்டு, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. குளிர்ப் பிரதேசச் செடியாக இருக்குமோ என்று வாங்காமல் வந்துவிட்டேன். சென்னை மொட்டை மாடி வெயிலைத் தாங்குமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: தாராளமாக வாங்குங்கள். இது வெப்பத்துக்குப் பிறந்த செடி, உறைபனி பட்டால்தான் கருகிப்போகும். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த யூஃபோர்பியா ஹைபெரிசிஃபோலியா என்ற இனத்தின் ரகம் இது. நம் ஊர் வரப்புகளில் தானாக முளைக்கும் அம்மான் பச்சரிசிக்கு நெருங்கிய சொந்தம். இரண்டிலும் இலைகள் எதிரெதிராக இருக்கும், கிள்ளினால் பால் வடியும். இந்தக் குழுவில் பெரும்பாலானவை கரும்பு, மக்காச்சோளம் போல, கடும் வெயிலிலும் திறம்பட இயங்கும் சி4 என்ற முறையில் ஒளிச்சேர்க்கை செய்பவை. அதனால் சூட்டிலும் வளர்ச்சி நிற்காது.

30 முதல் 45 செ.மீ. உயரம் வளரும், அகலமும் அதே அளவு. வெள்ளையாகத் தெரிபவை இதழ்கள் அல்ல. உண்மையான பூக்கள் மிக நுண்ணியவை. அவற்றைச் சுற்றியுள்ள சுரப்பிகளின் விளிம்புதான் இதழ் போல விரிந்து வெள்ளையாகத் தெரிகிறது. முதிர்ந்ததும் தானே உதிர்ந்துவிடும், வாடிய பூவைக் கிள்ளும் வேலை இல்லை.

தினமும் 5 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். அது குறைந்தால் தண்டு நீண்டு சாயும், பூ குறையும். ஏப்ரல் முதல் ஜூன் வரை சென்னை மாடியில் இலையைவிட வேருக்குத்தான் ஆபத்து அதிகம். கறுப்புத் தொட்டியைத் தளத்தில் நேராக வைத்தால் மண்ணே கொதிக்கும். வெளிர் நிறத் தொட்டியாகப் பார்த்து, செங்கல்லின் மேலோ ஸ்டாண்டிலோ ஏற்றி வையுங்கள். மதியம் 2 மணிக்கு மேல் நிழல் விழும் இடமென்றால் இன்னும் நல்லது.

கேள்வி: 12 அங்குலத் தொட்டியில் ஒரு டைமண்ட் ஃப்ராஸ்ட் வைத்தேன். மூன்று மாதம் அருமையாகப் பூத்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. செடி வாடுகிறதே என்று தண்ணீர் ஊற்றினேன், இன்னும் வாடுகிறது. என்ன குறை?
– வாசகர், கடலூர்

பதில்: உங்கள் செடிக்கு வேர் அழுகல் வந்திருக்கிறது. நம் ஊரில் இந்தச் செடி சாவதற்கு முதல் காரணம் இதுதான். தாகத்தால் வாடினாலும் வேர் அழுகி வாடினாலும் மேலே பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பதால், எல்லோரும் உடனே தண்ணீரை எடுத்துவிடுகிறார்கள். ஊற்றும் முன் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் தாகம், நீர் ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். உள்ளே ஈரம் இருந்தும் செடி தலை சாய்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள்.

செடியைத் தொட்டியோடு கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, விரலால் உருவினால் மேல்தோல் மட்டும் கையோடு வரும், உள்ளே நூல் போல ஒரு நரம்பு மிஞ்சும். பாதிக்கு மேல் இப்படி ஆகியிருந்தால் அந்த வேரை நம்ப வேண்டாம். தண்டை அடியிலிருந்து மேலாக வெட்டிப் பாருங்கள். வெட்டுவாயில் வெள்ளைப் பால் பொங்கி, உட்புறம் பச்சையாக இருக்கும் பகுதிதான் பிழைக்கும். பாலே வராமல் உள்ளே பழுப்பாக இருந்தால், பால் வரும் இடம் வரை மேலேறி வெட்டி, அந்த நுனிகளைப் பதியன் போடுங்கள். பழைய மண்ணை இன்னொரு தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

வேர் பெரும்பாலும் நன்றாக இருந்தால் அழுகியதை நறுக்கிவிட்டு, புதுக் கலவையில் சிறிய தொட்டிக்கு மாற்றுங்கள். காப்பர் ஆக்சி குளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர் நனைய ஒரு முறை ஊற்றலாம். அதே நாளில் டிரைக்கோடெர்மா விரிடி போடாதீர்கள். தாமிர மருந்து அந்த நல்ல பூஞ்சையையும் சேர்த்துக் கொன்றுவிடும். இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

இனி இது வராமல் இருக்க: ஒரு செடிக்கு 8 அங்குலத் தொட்டி போதும். 12 அங்குலம் என்பது மூன்று செடிக்கான அளவு. ஒற்றைச் செடியின் வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு புளிக்கிறது. கலவை: செம்மண் 2 பங்கு, உப்பு போகக் கழுவிய கோகோபீட் 2 பங்கு, பெர்லைட் (மண்ணை இளக்கும் வெள்ளை எரிமலைக்கல் துகள்) அல்லது கழுவிய பருமணல் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. வெறும் செம்மண்ணும் தொழு உரமும் கலந்தால் மழையில் இறுகிவிடும். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்துங்கள், அடித்தட்டை எடுத்துவிடுங்கள்.

உரத்திலும் கை அடக்கம் வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம், 15 நாளுக்கு ஒரு முறை. அதற்கு மேல் போனால் இலை கொழுத்து, தண்டு தொங்கி, பூ பின்வாங்கும்.

கேள்வி: தொட்டியில் நிறைய நாற்றுகள் முளைத்திருக்கின்றன. இவற்றைப் பிரித்து நடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: அவசரப்படாதீர்கள். டைமண்ட் ஃப்ராஸ்ட் பெரும்பாலும் விதை கட்டாது. முளைத்தவற்றின் தண்டு சிவந்து, கையால் தடவினால் ரோமம் தட்டுப்பட்டு, இலைக்கணுவில் பச்சைக் கொத்தாகப் பூ இருந்தால் அது அம்மான் பச்சரிசி. விதை சிதறுவதற்குள் பிடுங்கிவிடுங்கள்.

புதுச் செடி வேண்டுமானால் நுனித்தண்டு பதியம்தான் வழி. மூன்று நான்கு கணு இருக்கும்படி 5 முதல் 7 செ.மீ. நுனிகளை வெட்டி, கீழ் இலைகளை அகற்றி, பால் நிற்கும்வரை தண்ணீரில் போட்டு வையுங்கள். பாலோடு நட்டால் வெட்டுவாய் அடைபட்டு வேர் தாமதமாகும். கோகோபீட்டும் பெர்லைட்டும் சமமாகக் கலந்து, ஒரு கணு புதையும்படி நட்டு, வெளிச்சமான நிழலில் வையுங்கள். பாலித்தீன் பையால் இறுக மூடினால் அழுகும். வாய் திறந்த பையே போதும். மூன்று வாரம் போல ஆகும். மெதுவாக இழுத்தால் வராமல் பிடித்துக்கொண்டால் வேர் விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கள்ளிப்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பார்கள். இந்தச் செடிப் பாலும் அப்படியா? வீட்டில் குழந்தை இருக்கிறது.
– வாசகர், மதுரை

பதில்: இதுவும் கள்ளி இனம்தான், கவனம் அவசியம். கத்தரிக்கும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வெறும் தண்ணீருக்கு அந்தப் பிசுக்கு போகாது. அதுவரை கண்ணைத் தொடவே கூடாது. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். எரிச்சல் அடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழந்தைக்கும் நாய் பூனைக்கும் எட்டாதபடி தொங்கும் தொட்டியில் வளர்ப்பது நல்ல ஏற்பாடு. பூச்சாடிக்காக வெட்டினால், அடித்தண்டை 20 வினாடி கொதிநீரில் பிடித்தால் பால் நின்றுவிடும்.

கேள்வி: வாசல் ஓரம் லூகோசெபாலா புதர் வைத்திருக்கிறோம். மார்கழியில் வீட்டுப் பக்கம் வெள்ளையாகப் பூத்துக் குலுங்குகிறது, தெருப் பக்கம் பச்சையாகவே நிற்கிறது. மண்ணில் கோளாறா?
– வாசகர், ஓசூர்

பதில்: மண்ணில் கோளாறு இருந்தால் புதர் முழுக்கத் தெரியும். உங்கள் வாசலில் தெருவிளக்கு இருக்க வேண்டும். லூகோசெபாலாவும் யூஃபோர்பியாதான், ஆனால் ஆள் உயரத்துக்கு மேல் போகும் புதர். மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் பூர்வீகம். இதற்கு இரவு நீண்டால்தான் மொட்டு வரும். செப்டம்பர் கடைசியில் நம் பக்கம் இரவு 12 மணி நேரத்தைத் தாண்டத் தொடங்குகிறது, அப்போதிருந்து இருட்டு தடைபடக் கூடாது. விளக்கு வெளிச்சம் விழும் கிளை இன்னும் பகல் முடியவில்லை என்றே இலை விட்டுக்கொண்டிருக்கும், மறைவில் இருக்கும் கிளை மொட்டு வைக்கும்.

அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் விளக்குக்கும் புதருக்கும் நடுவில் இரட்டை மடிப்பு நிழல்வலை கட்டிப் பாருங்கள். தொட்டிச் செடியாக இருந்தால் வேலை சுலபம், இருட்டான பக்கம் நகர்த்திவிடலாம்.

கூடவே கத்தரிக்கும் காலத்தையும் பாருங்கள். பூ முடிந்து பிப்ரவரியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். துளிர்களை ஒரு சாண் வளர்ந்ததும் நுனி கிள்ளுங்கள், ஆகஸ்ட் கடைசியோடு நிறுத்திவிடுங்கள். செப்டம்பரில் கத்தரி வைத்தால் அந்த ஆண்டுப் பூவை நீங்களே வெட்டியதாகிவிடும். டைமண்ட் ஃப்ராஸ்டுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் மூன்றில் ஒரு பங்கு வெட்டலாம்.

கேள்வி: டைமண்ட் ஃப்ராஸ்டோடு ஒரே தொட்டியில் எதைச் சேர்த்து வைக்கலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: குறைந்த தண்ணீர் கேட்கும் செடிகளை மட்டும். நித்தியகல்யாணி, பென்டாஸ் இரண்டும் நன்றாகப் பொருந்தும். விளிம்பில் பத்துமணிப் பூ வைக்கலாம். கோலியஸ், பால்சம் வேண்டாம். அவற்றுக்காக ஊற்றும் தண்ணீர் இதன் வேரைக் கெடுத்துவிடும்.