மேசைமேல் வைத்து ஆடும் டேபிள்டாப் விளையாட்டுகளுக்கான மினியேச்சர்களை, அதாவது சின்னஞ்சிறு பொம்மை உருவங்களை, நம் ஊர்ப் பொருட்களை வைத்தே பெயிண்ட் செய்து, வேறு உருவமாக மாற்ற முடியுமா? எனக்குக் கண் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது.

முடியும். நான் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் முதலில் கண்ணைப் பற்றிப் பேசிவிடலாம், மற்றதையெல்லாம் எப்படியும் சமாளித்துவிடலாம்.

28 மி.மீ. மினியேச்சர் என்றால், பொதுவாகப் பாதத்திலிருந்து கண் மட்டம் வரை 28 மி.மீ. முழு உயரம் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். தலையையும் கையையும் வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாகத்தான் செதுக்கியிருப்பார்கள். அப்படியும் தலை ஒரு கொத்தமல்லி விதை அளவுதான். கண் கடுகில் பாதிகூட இருக்காது. அதற்குள் வெள்ளை, கருவிழி, இமை மூன்றும் வர வேண்டும். முதல் முயற்சியில் வராமல் போனதற்காக வருத்தப்படாதீர்கள்.

நான் கடலூர்க்காரன். வண்டிப்பாளையம் பக்கம் வந்திருந்தால் தெரியும், நவராத்திரிக்குச் சில மாதம் முன்பிருந்தே வீட்டுத் திண்ணைகளில் கொலு பொம்மைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். அப்படி பொம்மை செய்யும் ஒரு பெரியவரிடம், நான் பெயிண்ட் செய்த ஐரோப்பியப் படைவீரன் ஒருவனைக் கொண்டுபோய்க் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "என்ன தம்பி, பேயறைஞ்சவன் மாதிரி முழிக்கிறான்?" என்றார்.

காரணத்தையும் அவரே சொன்னார். வெள்ளைப் புள்ளி வைத்து அதன் நட்டநடுவில் கருப்புப் புள்ளி வைத்திருந்தேன். கருவிழியைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளை தெரிந்தால் அது பயந்தவன் கண். சாதாரணமாக இருக்கும் மனிதனுக்கு மேல் இமை கருவிழியைக் கொஞ்சம் மூடியிருக்கும். "கண்ணை எழுதாதே, இமையை எழுது. கண் தானா வரும்" என்றார். அவர் ஒரு அடி உயர பொம்மையை வைத்துச் சொன்னதுதான். ஆனால் கொத்தமல்லி அளவுத் தலைக்கும் அப்படியே பொருந்துகிறது.

இப்போது நான் செய்யும் விதம் இது. கண்குழி முழுவதையும் கரும்பழுப்பால் நிரப்பிவிடுவேன். சுத்தக் கருப்பு வேண்டாம், முகம் முரடாகிவிடும். அதற்குள் படுக்கைவாட்டில் வெள்ளைக் கோடு, ஓரத்தில் பழுப்பு மயிரிழையாகத் தெரியும்படி. வெள்ளையிலும் துளி சாம்பல் கலந்தால் நல்லது. அப்புறம் கருவிழியைப் புள்ளியாக வைக்காமல், மேலிருந்து கீழாக ஒரு சின்னச் செங்குத்துக் கோடாக இழுத்துவிடுவேன். கோடு மேலும் கீழும் இமையைத் தொட்டுவிடுவதால் முழி பிதுங்கிய பார்வை போய்விடும். இரண்டு கண்ணும் நேராகப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். இரண்டையும் ஒரே பக்கமாக ஓரப்பார்வை பார்க்க வைப்பது எளிது, மாறுகண்ணும் விழாது. கடைசியாகத் தோல் நிறத்தைத் தொட்டு மேலும் கீழும் வெட்டிக்கொண்டு வந்தால் கண் சரியான அளவுக்குச் சுருங்கிவிடும். பிசிறெல்லாம் இந்தக் கடைசி வேலையில்தான் மறையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பெரியவர் பேச்சைக் கேட்டுச் சூடுபட்டேன். கொலு பொம்மைக்குக் கண் கடைசியில்தான். உடை, நகை எல்லாம் முடிந்த பிறகு கண் திறப்பார்கள். நானும் பக்தியோடு அப்படியே செய்யப்போய், முடிந்துபோன கன்னத்தையும் தலைக்கவசத்தையும் இரண்டு முறை நாசம் செய்தேன். மினியேச்சரில் முகத்தை முதலில் முடித்துவிடுங்கள். கேடயமும் தூக்கிய கையும் குறுக்கே நிற்கும் உருவமென்றால், அவற்றை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பிரஷ் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு, கண்ணுக்கென்று மூன்று சைபர் போட்ட ஊசி பிரஷ் வாங்குவது. அதில் நிற்கும் பெயிண்ட் முகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடும், சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். 1 அல்லது 2 நம்பர் ரவுண்ட் பிரஷ், நுனி கூராகச் சேர்வதாகப் பார்த்து ஒன்று போதும். அதை மெட்டாலிக் பெயிண்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். உருவத்தைக் கையில் பிடிக்காமல் காலி இருமல் மருந்து பாட்டில் மூடியில் ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு முழங்கையும் மேசையில் இருக்கட்டும். ஃபேனை நிறுத்துங்கள். வியர்க்கும், வேறு வழியில்லை.

பெயிண்ட் எது வாங்குவது என்று அடுத்துக் கேட்பீர்கள். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஃபெவிக்ரில், கேமல் அக்ரிலிக்கே தொடங்கப் போதும். போர்வை, தோல் வார், தரை எல்லாவற்றுக்கும் எனக்கு இன்னமும் அதுதான். கைவினை பெயிண்ட் கெட்டியாக இருக்கும், பால் பதத்துக்கு நீர் விட்டு இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். ஒரே பூச்சில் மூடிவிட நினைத்தால் சங்கிலிக் கவசத்தின் வளையங்கள் மொத்தமும் அடைந்துபோகும். முகத்துக்கும் வெள்ளைக்கும் மட்டும் வயெஹோ மாதிரி மினியேச்சருக்கென்றே வரும் சொட்டு பாட்டில் நாலைந்து வாங்கி வைத்திருக்கிறேன். நீர்த்தாலும் நிறம் விட்டுப்போகாது. கலந்த பெயிண்ட் காயாமலிருக்க ஒரு டிபன் பாக்ஸில் ஈர ஸ்பாஞ்ச், மேலே பட்டர் பேப்பர். நம் புழுக்கத்தில் நாலு நாள் திறக்காமல் விட்டால் ஸ்பாஞ்ச் நாறும், அதனால் அடிக்கடி அலசுங்கள்.

நம் கடற்கரை ஊர்களில் உண்மையான வில்லன் காற்றிலிருக்கும் ஈரம். ஒரு நவம்பரில், மழை விட்ட இரண்டு மணி நேரத்தில், மொட்டை மாடிக்குப் போய் மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத வார்னிஷ்) ஸ்பிரே அடித்தேன். மூன்று வாரம் உட்கார்ந்து முடித்த உருவம். கண்ணெதிரே திருநீறு பூசியதுபோல் வெளுத்துப்போனது. டப்பாவில் குறை ஒன்றுமில்லை, நான் அடித்த நேரம் அப்படி. மேலே பளபளப்பு வார்னிஷை பிரஷ்ஷால் ஒரு கை பூசியதும் வெள்ளை பெரும்பாலும் மறைந்தது. பிறகு மேட் வார்னிஷையும் பிரஷ்ஷாலேயே பூசினேன். அதிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் ஸ்பிரே டப்பாவைத் தொடுவதில்லை. பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் ஸ்பிரே என்றால் தை பிறந்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல். அதுவரை பொறுக்க முடியாதென்றால் பிரஷ்ஷால் பூசும் பிரைமர் இருக்கிறது.

சரி, உருமாற்றம். டி&டி எனப்படும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் வரும் வீரர்கள் எல்லோரும் நீளவாளும் இரும்புத் தொப்பியுமாகவே இருந்தது எனக்கு அலுத்துவிட்டது. அதிலொருவனைப் பிடித்து நம் ஊர் எல்லையில் நிற்கும் வீரனார் ஆக்கினேன்.

வாளை மணிக்கட்டு அருகே சைடு கட்டரால் வெட்டி, கைமுட்டியில் 1 மி.மீ. துளை போட்டேன். கையால் திருகும் சின்ன ட்ரில் கைக்கு அடங்கும், மோட்டார் வேண்டாம். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி அதில் செருகி ஃபெவிக்விக் வைத்தால் அதுதான் அரிவாள் பிடி. வெறும் பசையை நம்பி ஒட்டிய கை, மேசையிலிருந்து ஒரு முறை விழுந்தால் போயிற்று. உள்ளே கம்பி இருந்தால் நிற்கும். அரிவாள் அலகுக்கு, குளிர்பான டின் தகட்டைக் கத்தரித்து நுனியை வளைத்தேன். தலைக்கவசத்தை அரத்தால் தேய்த்து இறக்கிவிட்டு, மேலே தலைப்பாகை. வார்ப்பு பிசின் (ரெசின்) உருவமென்றால் தேய்க்கும்போது முகக்கவசம் போட்டு, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

தலைப்பாகைக்கும் மீசைக்கும் வெளிநாட்டுக்காரர்கள் கிரீன் ஸ்டஃப் என்ற எபாக்ஸி (பிசைந்து வைத்தால் இறுகும் மாவு போன்ற பொருள்) பயன்படுத்துவார்கள். மஞ்சளும் நீலமும் பிசைந்தால் பச்சையாகும், அதனால் அந்தப் பெயர். ஒரு மணி நேரத்துக்கு மேல் வளைந்துகொடுக்கும், இறுகிய பிறகும் ரப்பர் போல் லேசாக மீளும். துணி மடிப்புக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் விலை கூடுதல், தபாலில்தான் வரும். ஹார்டுவேர் கடையில் குழாய் ஒழுக்குக்கு வாங்கும் எம்-சீல் சொற்பக் காசு. கொஞ்சம் நறநறவென்று இருக்கும், சீக்கிரம் இறுகிவிடும், வளைத்தால் உடையும். அதனால் பாறை, தலைப்பாகை, மூட்டை மாதிரி கனமான உருவங்களுக்கு எம்-சீல், மீசை, தாலிக்கயிறு, சுருள்முடிக்கு கிரீன் ஸ்டஃப் என்று பிரித்துக்கொண்டேன். இரண்டையும் கையுறை போட்டுப் பிசையுங்கள். பல் குத்தும் குச்சியைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் ஒட்டாது. மீசை என்பது எள்ளளவு உருண்டை இரண்டு, ஒவ்வொன்றையும் நுனி கூராக உருட்டி, மூக்கின் கீழே வைத்து ஊசி நுனியால் மேலே தூக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஏழாவது மீசைதான் ஒட்டியது.

உருவம் நிற்கும் அடித்தட்டான பேஸ் பற்றி இரண்டே விஷயம். எங்கள் ஊர் சில்வர் பீச்சில் மணல் அள்ளி வந்து அப்படியே ஒட்டாதீர்கள், நல்ல தண்ணீரில் நாலு முறை அலசிக் காயவையுங்கள். உப்பு இருந்தால் சில வாரங்களில் பெயிண்டுக்கு மேலே வெள்ளையாகப் பூக்கும். காய்ந்த புல்லுக்குத் தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கினால் போதும், காசு கொடுத்து வாங்கும் செயற்கைப் புல்லைவிட அது நம் ஊர்ப் புல் போலவே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் புதுச்சேரியில் நண்பன் வீட்டில். 25 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு போவதற்குள் அரிவாள் உடைந்துவிடும். பேஸுக்கு அடியில் காந்தம் ஒட்டி எவர்சில்வர் டிபனில் வைக்கலாம் என்று பெரிய யோசனையோடு கிளம்பினேன். அம்மாவின் டிபனில் காந்தம் ஒட்டவே இல்லை. அந்த வகை எவர்சில்வரைக் காந்தம் இழுக்காது என்பது அன்றுதான் உறைத்தது. இப்போது தகரப் பிஸ்கட் டப்பா.

முடித்த வீரனாரை மறுபடி அந்தப் பெரியவரிடம் கொண்டுபோனேன். உள்ளூர ஒரு உறுத்தல் இருந்தது. உடம்பெல்லாம் மாற்றியவன் காலை மறந்துவிட்டேன், முழங்கால் வரை ஐரோப்பிய பூட்ஸ் அப்படியே இருந்தது. அதைச் சொன்னேன். "இருக்கட்டுமே, பூட்ஸ் போட்ட முனீஸ்வரனை நீ பார்த்ததில்லையா?" என்றார். அப்புறம் வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணு சரியா வந்துடுச்சு. மீசைதான் தொங்குது. இன்னும் கொஞ்சம் ஏத்து."

எட்டாவது மீசை நேற்று ராத்திரி வைத்தேன். காய்ந்துகொண்டிருக்கிறது.